சுண்டெலி ஜெயித்த ஆட்டம்

கேள்வி: ஆன்லைன் சூதாட்டம் ஒரு நாட்டில் தொழில், இன்னொரு நாட்டில் குற்றம். இரண்டும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

பதில்: ஒருமுறை சுண்டெலி ஜெயித்தது!

சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கரீபியன் தீவு நாடு ஆன்டிகுவா. ஆன்லைன் சூதாட்ட கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்துச் சம்பாதித்தது. அமெரிக்கா குறுக்கே விழுந்து தடை போட்டது. 2003-இல் உலக வர்த்தக அமைப்பிடம் வழக்கு போனது. 'மக்களின் ஒழுக்கம் கெடுகிறதே' என்று வாதாடியது அமெரிக்கா. உள்நாட்டு கம்பெனிகள் மட்டும் ஆன்லைனில் குதிரைப் பந்தயம் கட்ட விடலாமோ? (குதிரை ஒழுக்கமான பிராணி போலும்.) அங்கேதான் அமெரிக்கா மாட்டிக்கொண்டது.

2007-இல் தீர்ப்பாயம் தந்த பரிகாரம் இன்னும் வேடிக்கை: ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் மதிப்புக்கு அமெரிக்காவின் காப்புரிமைகளை ஆன்டிகுவா மதிக்காமல் இருக்கலாம். அதாவது, லைசென்ஸ் வாங்கிய திருட்டு விசிடி!

அமெரிக்கா தடையை நீக்கவில்லை. சூதாட்டச் சந்தையைத் திறப்பதாகக் கொடுத்திருந்த வாக்குறுதியையே வாபஸ் வாங்கப்போவதாக, இந்தப் பரிகாரம் வரும் முன்பே அறிவித்திருந்தது.