மாமி இறங்கினால் மருமகன் ஆடலாம்

போன போயாவுக்குப் பிள்ளைகளை மட்டக்களப்புப் பக்கம் ஒரு சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்த வாகரைக்காரர் ஒருவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பாதிக் கோபம் சோற்றுப் பார்சலால் வந்தது. அதைக் கடைசியில் சொல்வார். முதலில் ஊஞ்சல்.

ஏ-15 வீதியில் பனிச்சங்கேணிப் பாலம், மாங்கேணி, ஓட்டமாவடி, ஏறாவூர் என்று சுமார் 60 கிலோமீற்றர். வானுக்குள் பதினாலு பேர், ஒரு சத்திக்காரன். வாசலிலேயே கடலும் மணலும் கிடக்க இவ்வளவு தூரம் போனது எதற்கு? நாலு இரும்பு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒரு சீசோ, கையால் சுற்றிவிடும் ஒரு ராட்டினம். மின்சாரத்தில் ஓடுவது அங்கே ஐஸ்கிறீம் பெட்டி மட்டும்தான். பிள்ளைகளுக்கு அது போதும். அவர்களுக்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

‘பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் மட்டும்’ என்ற பலகைக்கு நேர் கீழே மாமி செருப்பைக் கழற்றி, சோடி பிசகாமல் வைத்தா. வரிசையில் முன்னுக்கு நின்ற ஆறு வயது மருமகனிடம் கைப்பையைக் கொடுத்தா. “கொஞ்சம் பிடி மனே. மாமி ஒருக்கா ஆடிட்டு மறுகா உனக்குத் தாறன்.”

அந்த ஒருக்காவின் நீளத்தை எந்த விஞ்ஞானியும் அளந்ததில்லை. முதலில் மெதுவாக, வெட்கத்தோடு ஒரு ஆட்டம். பிறகு வீடியோ. மாமா எடுத்த முதல் வீடியோவில் அவருடைய பெருவிரல்தான் கதாநாயகன். இரண்டாவதில் மாமி கண்ணை மூடிவிட்டா. மூன்றாவது நன்றாக வந்தது. ஆனால் சாரித் தலைப்பு பறக்கவில்லையாம், அதனால் இன்னும் உயரம் வேண்டும். தள்ளுவதற்கு மூத்த மகன் வந்தான். சங்கிலி கீச்சிட்டது. “சின்னம்மாவும் வாங்க” என்று ஒரு குரல். சின்னம்மா பக்கத்து ஊஞ்சலில் ஏறினா; அங்கே நின்ற பிள்ளையிடமும் ஒரு கைப்பை. பெரியப்பா சீசோவின் ஒரு நுனியில் அமர்ந்தார். மறுநுனிக்கு மூன்று பிள்ளைகளை ஏற்றியும் அவர் எழும்பவில்லை. சித்தப்பா சறுக்கின் நடுவில் இறுகிப்போனார். மேலே ஏழெட்டுப் பிள்ளைகள் அவருடைய விடுதலைக்காகக் காத்திருந்தார்கள். கைப்பை பிடித்த பயலோ அதைத் தோளில் மாட்டி, பஸ்ஸுக்கு நிற்கும் உத்தியோகத்தரைப் போலத் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமிக்கு வரலாறும் துணை. இந்தக் கேளிக்கை யந்திரங்கள் பலதும் பெரியவர்களை நம்பியே பிறந்தவை. 1884இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் தொம்சன் என்பவர் ஓடவிட்ட ரோலர் கோஸ்டருக்குக் கட்டணம் ஐந்து சதம், வேகம் மணிக்கு ஆறு மைல். நம்மூர்ச் சைக்கிள் முந்திவிடும். 1893இல் சிக்காகோவில் பெரிஸ் என்பவர் நிறுத்திய ராட்டினம் 264 அடி உயரம், 36 கூண்டு, கூண்டுக்கு 60 பேர். வாகரையில் ஒரு கலியாண வீட்டையே ஒரே தடவையில் ஏற்றியிருக்கலாம்.

சித்திரைக்கு மரக்கொப்பில் கயிறு கட்டினால் குமரும் கிழவியும் ஏறி ஆடுவது எங்கள் பக்கத்து வழமை. அதை யாரும் குறை சொல்லவில்லை. புளியமரம் வயது கேட்டுப் பலகை மாட்டுவதில்லை.

ஆனால் இரும்பு ஊஞ்சலின் கதை வேறு. இங்கிலாந்தின் கெற்றரிங் நகரில் 1921இல் பூங்கா திறந்த சார்ள்ஸ் விக்ஸ்டீட் ஒரு பொறியியலாளர். ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகளின் ஒருநாள் கொண்டாட்டத்துக்காகக் கம்பு நட்டு, தற்காலிகமாக ஊஞ்சல் கட்டினார்கள். பிள்ளைகள் அதை விட்டுப் போவதாக இல்லை, விக்ஸ்டீட்டும் கழற்றாமலே விட்டுவிட்டார். அதிலிருந்துதான் ஊஞ்சலும் சறுக்கும் செய்து விற்கும் அவருடைய தொழில் வளர்ந்தது. மனுசன் பார்த்தது பிள்ளைகளின் முகத்தை. அன்று அங்கே நம் மாமி நின்றிருந்தால் அவர் ஊஞ்சல் செய்திருக்கமாட்டார், கைப்பை மாட்ட ஆணிதான் அடித்திருப்பார்.

இதையெல்லாம் வீட்டுக்காரியிடம் சொன்னபோது, “நீங்க மட்டும் அந்த ராட்டினத்தில இருந்து எப்ப இறங்கினீங்க?” என்று கேட்டா. ராட்டினம் வேறு விசயம். அதைச் சுற்றிவிட ஒரு பெரியவர் தேவை. சுற்றுகிறவருக்குக் களைத்தால் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?

சோற்றுப் பார்சல் கதைக்கு இடமில்லாமல் போய்விட்டது. இனிமேல் பூங்கா கட்டப்போகிற பெரியவர்களே, ஒரேயொரு வேண்டுகோள்: தடித்த சங்கிலி போட்ட பெரிய ஊஞ்சல் நாலு, எங்கள் மாமிமாருக்கென்று தனியாக, பிள்ளைகளின் ஊஞ்சலுக்கு முன்னால் வாசலோடேயே கட்டிவிடுங்கள். வீடியோவுக்கு நல்ல வெளிச்சம் விழுகிற பக்கமாகப் பார்த்து.