சலமாங்காவின் சென்யோரா

ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினின் சலமாங்கா நகரத்துக்கு வருகிற வெளிநாட்டு மாணவனுக்கு இரண்டு வாத்தியார்கள். ஒருவர் வகுப்பில் இருப்பார். இன்னொருவர், அவனுக்கு அறையும் சோறும் கொடுக்கிற வீட்டுக்கார அம்மாள். வயது எழுபதுக்கு மேல். கையில் கரண்டி. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் ‘சென்யோரா’.

ஊரில் 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. காஸ்தீலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, நெப்ரிஹா எழுதிய முதல் இலக்கண நூல் 1492இல் அச்சானதும் இங்கேதான். சென்யோராவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. நடந்ததைச் சொல்லாமல் நடக்கட்டும் என்று சொல்கிற வினைவடிவமான ‘சுப்ஹுந்தீவோ’ என்றால் என்ன என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். ஆனால் காலையில் வாய் திறந்தது முதல் விளக்கணைக்கும்வரை அவர் பேசுவது அதைத்தான்.

வகுப்பில் அதற்குச் சொல்லித்தரும் விதி சுலபம். ‘ஆர்’ என்று முடிகிற வினைகளும், ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிகிறவையும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள். இந்த வீட்டு ‘ஆ’ அங்கே போகும். அந்த வீட்டு ‘ஏ’ இங்கே வரும். ஆப்லா என்றால் பேசுகிறான், ஆப்லே என்றால் பேசட்டும். கோமே என்றால் சாப்பிடுகிறான், கோமா என்றால் சாப்பிடட்டும். (நினைவு தப்பிக் கிடப்பதற்கும் அவர்கள் மொழியில் கோமாதான். சென்யோராவின் மத்தியானச் சாப்பாட்டில் முதலாவது இரண்டாவதில் போய் முடிவதுண்டு.)

எங்கே போடுவது என்பதில்தான் பையன்கள் திணறுகிறார்கள். நான் சாப்பிட ஆசைப்பட்டால் இந்த வடிவம் வேண்டாம். அடுத்தவன் சாப்பிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால்தான் வேண்டும். ஆக, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு இருக்கிறவருக்கு ஸ்பானிஷில் பெரும்பாடு மிச்சம். சென்யோராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சொரீஸோ தொத்திறைச்சித் துண்டுகள் மிதக்கும் பருப்புக் குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றி, “கியேரோ கே கோமாஸ்” என்பார். நீ சாப்பிட்டாகணும்.

நம் வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று நாலு வேலை. விதித்தல் ஆயிற்று. தட்டு வைத்தால் “கே அப்ரோவெச்சே”, சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும். படுக்கப்போனால் “கே தெஸ்கான்சேஸ்”, நன்றாக ஓய்வெடு. அது வாழ்த்து. ராத்திரி மாடிவீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தால் கூரையைப் பார்த்து, “கே தே பார்த்தா உன் ராயோ!” இடி விழுந்து நீ பிளந்துபோக. விதி பிசகாத, ஒழுங்கான ‘ஈர்’ வினை. தேர்வில் தாராளமாக எழுதலாம்.

வேண்டல் டிசம்பர் 22க்கு. கிறிஸ்துமஸ் லாட்டரியில் 20 யூரோ சீட்டு ஒன்று வாங்கி, “ஓஹலா நோஸ் தோக்கே”, நமக்கு விழட்டும், என்று தொலைக்காட்சி முன் உட்காருவார். ஓஹலா, அரபு மொழி விட்டுப்போன சொத்து. இறைவன் நாடினால் என்று பொருள். சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடி முடிப்பார்கள். விழாது. உடம்பு நன்றாக இருந்தால் போதும் என்று பாதி ஸ்பெயினோடு சேர்ந்து அவரும் சொல்லிவிட்டு எழுந்திருப்பார்.

முப்பத்தைந்து வயதுப் பேரனுக்குப் பெண் தேடுவதிலும் இலக்கணம் தப்பாது. நன்றாகச் சாப்பிடுகிற பெண் வேண்டும். பெண் இன்னார் என்று தெரிந்தால் கோமே. எங்காவது இருக்கிறாளா என்றே தெரியாவிட்டால் கோமா. சென்யோரா சொல்வது எப்போதும் கோமா. பேரன் மாட்ரிடில் ஒருத்தியோடு ஏழு வருஷமாகக் குடித்தனம் நடத்துவது அவருக்குத் தெரியும். அவர் வினைச்சொல்லுக்குத் தெரியாது.

மாணவர்களையும் விடமாட்டார். “குவாந்தோ தே காசேஸ்” என்று ஆரம்பிப்பார். உனக்குக் கல்யாணம் ஆகும்போது. இன்னும் நடக்காத காரியம், அதனால் காசேஸ். சலமாங்காவுக்குப் போகிறவர்கள் ‘எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளை பிறப்பதற்கும் அதே குவாந்தோதான்.