புழுக்கொடியல் போகிறது, சூரியகாந்தி விதை வருகிறது

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குள் நுழைந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் வருகிற ஊர் அல்லைப்பிட்டி. அங்கே எங்கள் உறவு வீடுகளில் இப்போது தேத்தண்ணியோடு உப்பிட்டு வறுத்த சூரியகாந்தி விதை வைக்கிறார்கள். மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பக்கற். அதே வீடுகளிலிருந்து ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் பாரிசுக்கும் போகிற பொதிகளில் புழுக்கொடியல் இருக்கிறது. சூரிச்சில் பிறந்த பேரப்பிள்ளை அங்கே புழுக்கொடியலைக் கடிக்கிறது. அல்லைப்பிட்டியில் பிறந்த பேரப்பிள்ளை சூரியகாந்திக் கோதை முற்றத்தில் துப்புகிறது. நாற்பது வருடத்துக்கு முன் ஒருவர் வந்து இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால், எங்கள் அம்மம்மா அவரைத் திண்ணையில் இருத்தி மோர் கொடுத்து அனுப்பியிருப்பா.

அந்தக் காலத்தில் புழுக்கொடியல் காசு கொடுத்து வாங்குகிற சாமான் அல்ல. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பனாட்டுப் போட்டது போக, விதைகளைப் பொறுக்கி வளவின் மூலையில் பாத்தி போடுவார்கள். மாரி மழை குடித்து அது முளைவிடும். தை, மாசியில் பாத்தி கிண்டுகிற நாள் சின்னப் பிள்ளைகளுக்குத் திருநாள். கிழங்கு பெரியவர்களுக்கு, விதையை வெட்டினால் உள்ளே இருக்கும் பூரான் எங்களுக்கு. மிச்சமான ஊமலை அடுப்புக்கு ஒதுக்கிவிடுவார்கள். கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்து, தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுப் பீலியை எடுத்துப் பாயில் காயவைத்தால் புழுக்கொடியல். காய்ந்தபின் பனையோலைப் பெட்டியில் போட்டு மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு துண்டு புழுக்கொடியலும் ஒரு சொட்டுத் தேங்காயும் கையில் இருந்தால் பின்னேரம் முழுதும் போதும். உப்பு அவிக்கிற தண்ணியில் போட்டதுதான். மேலே தூவுகிற வழக்கம் கிடையாது.

பட்டணத்து ஆட்கள் வந்தால் மட்டும் அந்தப் பெட்டி குசினியை விட்டு வெளியே வராது. அவர்களுக்குக் கடையில் வாங்கிய விசுக்கோத்து வைக்கப்படும். பள்ளிக்கூடத்துக்குப் புழுக்கொடியல் கொண்டுபோன பிள்ளைகள் அதை மறைத்துத்தான் தின்றார்கள். தீவார் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் என்ன தொனியில் சொல்லப்பட்டது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்தத் தொனி எங்கள் சாப்பாட்டின் மீதும் படிந்திருந்தது.

1980களின் நடுவில் எங்கள் தலைமுறையில் பலர் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குள் போய் அகதி விண்ணப்பம் கொடுத்தோம். நான் இருந்த அகதி விடுதியில் பக்கத்து அறைத் துருக்கியப் பெண் ஒருவர்தான் முதன்முதலில் ஒரு கை விதையை என் உள்ளங்கையில் போட்டார். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட விதை. ஊரில் அதைப் பூவாகத்தான் பார்த்திருக்கிறோம். விதை கிளிக்கு என்று நினைத்திருந்தோம். அவர் விதையை முன்பல்லின் இடுக்கில் நிறுத்தி, ஒரு கடியில் கோதைப் பிளந்து, நாக்கால் பருப்பை எடுத்துக்கொண்டு கோதைத் துப்பினார். பேச்சு நிற்கவேயில்லை. மொழி தெரியாத இரண்டு பெண்கள் குளிர்கால இரவுகளைக் கடத்த அந்த விதை போதுமானதாக இருந்தது. துருக்கியரும் ரஷ்யரும் ஈரானியரும் ஸ்பானியரும் இதை இப்படித்தான் கொறிக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவில் சுடுமணலில் வறுத்த கச்சானை உடைத்துக்கொண்டு நாங்கள் வீதி சுற்றியது போல, அவர்களுக்கு இது.

சூரியகாந்தி வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதைக்காகப் பயிராக்கிய செடி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே முதலில் தோட்டத்து அழகுக்குத்தான் வளர்த்தார்கள். அதை எண்ணெய்ப் பயிராக்கிப் பெருக்கியவர்கள் ரஷ்யர்கள். இன்று ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலகச் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் தருகின்றன. 2022இல் போர் தொடங்கியதும் எண்ணெய் விலை ஏறியது அதனால்தான். எண்ணெய்க்கு ஆட்டுவது கறுப்பு விதை. கொறிப்பது பெரிய, கோடு போட்ட விதை. பிறநாட்டுச் சரக்கு அல்லைப்பிட்டிக் கரையில் இறங்குவதும் புதிதல்ல. 1977இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் இந்த ஊரில் சீனத்துச் சொங் அரசர் காலத்துப் பாண்டங்களைக் கண்டெடுத்தார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகக் குழுவும் வந்து தோண்டிப் பார்த்தது. எத்தனையோ நூற்றாண்டாக வந்ததை வாங்கி, தன்னிடம் இருந்ததைக் கொடுத்த கரை இது. ஆகவே சூரியகாந்தி விதை வருவதில் எனக்கு வருத்தம் இல்லை.

உண்மையில் அது சத்தான சாமான். கோது நீக்கிய பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதமும் 50 கிராம் கொழுப்பும் 8 கிராம் நாரும் உண்டு. வலுவான ஒரு கைப்பிடி என்றால் 30 கிராம். அதில் 10 மில்லிகிராம் அளவுக்கு விற்றமின் ஈ கிடைக்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானதே 15 மில்லிகிராம்தான். மக்னீசியம் 100 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. செலீனியம், செம்பு, போலேற், விற்றமின் பி1 எல்லாம் கணிசமாக உண்டு. கொழுப்பில் பெரும்பகுதி லினோலெயிக் அமிலம். இறைச்சிக் கொழுப்பு, வெண்ணெய் ஆகியவற்றுக்குப் பதிலாக இப்படியான கொழுப்பை உண்டால் கெட்ட கொலஸ்ரோல் குறையும். கச்சானோடு ஒப்பிட்டால் புரதத்தில் கச்சான் ஒரு படி மேல். விற்றமின் ஈயில் சூரியகாந்தி நான்கு மடங்கு. ஆனால் அந்த ஒரு கைப்பிடியிலேயே 175 கலோரி இருக்கிறது. தொலைக்காட்சிக்கு முன்னால் பக்கற்றோடு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போன முறை ஊருக்குப் போனபோது மச்சாள் ஒரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினா.

“எடுங்கோ மச்சாள். பிறஷருக்கு நல்லதாம். மகள் போனிலை சொன்னவள்.”

“விதை நல்லதுதான் மச்சாள். மேலை கிடக்கிற உப்பைப் பாத்தனீங்களோ?”

“அது ருசிக்குத்தானே?”

ருசிக்குத்தான். ஆனால் கோதோடு வருகிற விதையை உப்புத் தண்ணியில் ஊறவைத்தோ அவித்தோதான் வறுக்கிறார்கள். உப்பில் பெரும்பகுதி கோதின் மேல் நிற்கிறது. கோதைச் சப்பிவிட்டுத் துப்புகிறபோது பருப்பு உள்ளே போவதற்கு முன்பே உப்பு உள்ளே போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு உண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தீவகத்து வீட்டில் கருவாடும் ஊறுகாயும் மோர் மிளகாயும் ஏற்கனவே அந்தக் கணக்கை நிரப்பிவிடுகின்றன. இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிற ஒருவர், அதே நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு உப்பு விதையைச் சப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. சொல்கிற மகளும் அன்பினால்தான் சொல்கிறாள். பாதிச் செய்திதான் போனில் வந்து சேர்ந்திருக்கிறது.

பக்கற்றின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் உதவும். ஐரோப்பியப் பக்கற்றுகளில் உப்பை உப்பாகவே கிராமில் போடுவார்கள். கனடாப் பக்கற்றில் சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு. கோது விதையென்றால் அந்தக் கணக்கு பருப்புக்கு மட்டுமா, கோதில் இருக்கிற உப்பையும் சேர்த்தா என்றும் பார்க்க வேண்டும்.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்று. விதையைக் கோதோடு மென்று விழுங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் கோது மலக்குடலில் இறுகிக் கட்டியாகி, வைத்தியசாலையில் எடுக்கவேண்டி வந்த சம்பவங்கள் பல நாடுகளின் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிகச் சின்னவர்களுக்குப் பருப்புக்கூடப் புரையேறும். அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த விதையென்பதால் எங்கள் வெக்கையில் சீக்கிரம் கெடும். பொதியில் கப்பலேறி வந்து, பிறகு அலுமாரியில் மாதக்கணக்கில் கிடந்த விதை பழைய எண்ணெய் வாடை அடித்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். பிரித்த பக்கற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இனிச் சமையலுக்கு வருகிறேன். உப்பிடாத, கோது நீக்கிய பருப்பு கிடைத்துவிட்டால் அது எங்கள் குசினிக்குள் எள்ளுக்கும் கச்சானுக்கும் பக்கத்தில் ஒழுங்காகப் போய் இருந்துகொள்ளும். முதலில் தாச்சியில் எண்ணெய் விடாமல் இளம் சூட்டில் வறுக்க வேண்டும். மணம் வந்து ஓரம் பொன்னிறமாகும்போதே இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகும் அதன் சூட்டிலேயே அது கறுக்கும். முருங்கையிலை வறைக்குப் போடுகிற தேங்காய்ப்பூவில் பாதியைக் குறைத்து, ஒன்றிரண்டாக இடித்த பருப்பைப் போட்டுப் பாருங்கள். இலையின் கசப்புக்கும் இதன் கொழுப்புக்கும் நல்ல பொருத்தம். செத்தல் மிளகாய், வெங்காயம், தேசிப்புளி சேர்த்து உரலில் இடித்தால் இடியப்பத்துக்கும் புட்டுக்கும் ஏற்ற சம்பல். எள்ளுருண்டைக்கு எள்ளில் பாதியை எடுத்துவிட்டு இதைப் போட்டால் உருண்டை கொஞ்சம் மென்மையாக வரும். எள்ளை முழுதாக எடுத்துவிட்டால் மணம் போய்விடும், அது வேண்டாம். ஊறவைத்து அரைத்த விழுது கத்தரிக்காய்க் குழம்பையும் கோழிக் குழம்பையும் நன்றாகத் தடிப்பாக்கும். சொதிக்குச் சரிவராது. தேங்காய்ப் பாலின் இடத்தில் சொதியில் வேறெதையும் வைக்க முடியாது என்பது என் முடிவு.

அப்பச்சோடா போட்ட மாவில் இந்தப் பருப்பைச் சேர்த்துச் சுட்டால் உள்ளே பச்சை நிறம் ஓடும். பருப்பில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்வதால் வருகிற நிறம் அது. நஞ்சல்ல, பயப்படத் தேவையில்லை. கனடாவில் பல பள்ளிக்கூடங்களுக்குக் கச்சான் கொண்டுபோகத் தடை. அங்குள்ள எங்கள் பிள்ளைகள் பாணுக்குக் கச்சான் வெண்ணெய்க்குப் பதிலாகச் சூரியகாந்தி வெண்ணெய் பூசிக்கொண்டு போகிறார்கள். சூரியகாந்தியும் ஒவ்வாத சிலர் உண்டு, மிகக் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்தது துவையல். புழுக்கொடியலை உரலில் இடித்துத் தும்பை அரித்து எடுத்து, உள்ளி, மிளகு, பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்போடு இடிப்பது அம்மம்மாவின் முறை. அதில் வறுத்த சூரியகாந்திப் பருப்பு ஒரு கை சேர்த்து இடிக்கிறேன். கிழங்கில் மாச்சத்தும் நாரும் நிறைய இருக்கிறது. கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம், புரதமும் குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் ஒடியற் கூழில் மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் போட்டார்கள். மீன் இல்லாத துவையலில் அதே வேலையை இந்தப் பருப்பு செய்கிறது. உப்பை நாங்களே அளந்து போடலாம். 2025இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்ட பிறகு வீட்டுக்கு அந்த உப்பையே வாங்குகிறோம். உப்பு எனக்குப் பகையில்லை. யாரோ ஒருவர் என் கணக்குப் பாராமல் போட்டு அனுப்புகிற உப்புத்தான் வேண்டாம்.

ஆனால் துவையலுக்குப் புழுக்கொடியல் வேண்டுமே. அல்லைப்பிட்டி 1990இல் போரால் பெயர்ந்தது. 2006 மே 13 இரவு இங்கேயும் அயலூர்களிலுமாக 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் சனங்கள் அடைக்கலம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தின் மீது எறிகணை விழுந்தது. பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகள் அதே மாதம் காணாமல் ஆக்கப்பட்டார். சனம் மறுபடி ஓடியது. பனம்பழம் விழுந்த வளவுகளில் பொறுக்க ஆள் இல்லாத ஆவணி மாதங்கள் எத்தனையோ போயின. திரும்பி வந்தவர்களில் பாத்தி போடத் தெரிந்தவர்கள் முதியவர்கள். இப்போது புழுக்கொடியலும் ஒடியல் மாவும், 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்திலும் யாழ்ப்பாணக் கடைகளிலும் அழகான பொதியில் விலைக்குக் கிடைக்கின்றன. பட்டணத்து ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அல்லைப்பிட்டி மச்சாள் வெளிநாட்டுப் பொதிக்குப் புழுக்கொடியலைக் கடையில் வாங்கித்தான் போடுகிறா. அவவின் வளவில் பனை நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, ஊருக்குச் சூரியகாந்தி விதை அனுப்புங்கள். உப்பிடாத, கோது நீக்கிய பருப்பாக, திகதி பார்த்துச் சின்னப் பக்கற்றாக அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்களே, வருகிற ஆவணியில் வளவில் விழுகிற பனம்விதைகளைப் பொறுக்கி, மழைக்கு முன் ஒரு பாத்தி போடுங்கள். எப்படி அடுக்குவது என்று காட்ட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வருடமே கேளுங்கள்.