கதவு ரப்பரும் கரும்பூஞ்சையும்: நில மயக்கம் குறித்து

ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரில் படரும் கறுப்புப் பூஞ்சையை அழுக்கு என்று வகைப்படுத்துவது பிழை. அழுக்கு வந்து ஒட்டுவது, இது விளைவது. விளைய நிலம் வேண்டும். திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்றார் தொல்காப்பியர். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து விதி அது. உள்ளே 4 டிகிரி, வெளியே சென்னைச் சமையலறையின் 30 டிகிரி. இரு நிலமும் விரற்கடை அகலத்தில் மயங்குமிடம் அந்த ரப்பர். 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று, 24 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராய்ப் படியும். ஆக, கதவு திறக்குந்தோறும் ரப்பர் மடிப்புக்குப் பாசனம் நடக்கிறது. எருவுக்கு இட்லி மாவு வழிசலும் சாம்பார்த் துளியும். நீர் கீழே இறங்குவதால் அடிப்பக்க மடிப்பில் மகசூல் கூடுதல் என்பது குனிந்து பார்த்தால் விளங்கும். (குனிபவர் அரிது. அதுவும் விளைச்சலுக்கு ஒரு காரணம்.)

இனி, பயிரிட்டவர் யார்? அதிகம் திறப்பவர் சமைப்பவரே, ஆகவே அவரே என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? கறிவேப்பிலை இருக்குமிடம் தெரிந்து திறப்பவர் எடுத்ததும் மூடிவிடுகிறார். பசியும் இல்லாமல் நோக்கமும் இல்லாமல் திறந்து, ஏதாவது கண்ணில் பட்டால் தேவை பிறக்கும் என்று கதவைப் பிடித்தபடி நிற்பவர்கள் வேறு. எத்தனை முறை திறந்தது என்பதோடு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதும் கணக்கில் வரவேண்டும். சாகுபடி அவர்களுடையது, துடைக்கும் கடமையும் அவர்களுடையதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

குளிரில் பூஞ்சை சாகாதா என்பது ஒரு தடை. சாகாது, கிளாடோஸ்போரியம் என்னும் கரும்பூஞ்சை 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் வளரும். மூடிய கதவிலும் வருகிறதே, நிற்பவர்மேல் பழி ஏன் என்பது அடுத்த தடை. இது வலுவானது. விடை கதவின் பிடியில் இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஜ்களில் கதவைப் பூட்டிப் பிடிக்கக் கொண்டி இருந்தது. உள்ளே ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டம் செய்தது. பிறகு பரவலானதே ரப்பருக்குள் காந்தப் பட்டை. குழந்தை தள்ளினாலும் விடவேண்டிய பிடி அது. காய்ந்த மாவு குறுக்கே இருந்தாலும் இளகிவிடும். அந்த இடுக்கில் ஈரக்காற்று நாளெல்லாம் புகும். மாவுச் சட்டியை வழியவிட்டு வைத்தவரும் கூட்டுச் சாகுபடியாளர் என்று துணிபைச் சற்றே விரிக்கிறோம்.

களையெடுப்பு எளிது: வெதுவெதுப்பான சோப்பு நீர், பழைய பல்துலக்கி, மடிப்பு மடிப்பாகத் தேய்த்தல். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சேர்க்கவே கூடாது. கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்காவிட்டால் செய்தது பாசனமே. பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கையில் தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்தது என்க. புது ரப்பரே மாற்றிவிடலாமே என்பாரும் உளர். மாற்றலாம். மெக்கானிக் மாட்டி முடிக்கும்வரை கதவு திறந்தேதான் இருக்கும்.