ஓபனர் இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு!

சமையலறை இழுப்பறையை யாரோ துழாவும் சத்தம் கேட்கும். "இங்கதானே வச்சேன்..." என்று ஒரு முனகல். அவ்வளவுதான், ஹாலில் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பிப்பார். அவரேதான். "ஓபனர் இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு. யாராவது ஒரு ஷூ கொண்டாங்க!"

பெங்களூரில் நம்மவர்கள் கூடும் எந்த அடுக்குமாடி விருந்திலும் இவர் உண்டு. கொத்தமல்லிக் கட்டு முதல் செல்போன் சார்ஜர் வரை பத்து நிமிடத்தில் வாசலில் கொண்டுவந்து தரும் ஊர். ஒயின் ஓபனரும் அதே பையில் வரும். சொல்லிப் பாருங்களேன். "அதெல்லாம் எதுக்கு ப்ரோ, காசைக் கரியாக்கிக்கிட்டு?" என்பார். தப்பித்தவறி இழுப்பறையில் ஓபனர் அகப்பட்டுவிட்டால் மனுஷர் முகம் தொங்கிவிடும். அகப்பட்டதை யாருக்கும் தெரியாமல் சோபா மெத்தைக்கு அடியில் அவர் தள்ளியதைப் பார்த்த சாட்சிகளும் இருக்கிறார்கள்.

ஷூ என்றால் எந்த ஷூவும் ஆகாது. வாசலில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் குதிகாலை அமுக்கிப் பார்ப்பார். இது ரொம்ப மெத்து, அது ரொம்பக் கட்டை. கடைசியில் தேறுவது, வந்தவர்களிலேயே சாதுவானவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போட்டு வந்த புது ஷூ. பாட்டிலின் அடியை அதற்குள் செருகி, படுக்கைவாட்டில் பிடித்து, சுவரில் மோதுவார். டொப். டொப். டொப். ஒவ்வொரு மோதலிலும் உள்ளே ஒயின் அலைமோதி, கார்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ள வேண்டும். விஞ்ஞானம் சரிதான், நான் மறுக்கவில்லை. வீடியோவில் அரை நிமிடத்தில் கார்க் வந்துவிடுகிறது. ஆனால் அந்த வீடியோக்காரருக்கு வாய்த்தது கருங்கல் சுவர். நமக்கு ஹாலோ பிளாக், அதன்மேல் பட்டி, அதன்மேல் ஒரு கோட் எமல்ஷன்.

நாலு மோதலுக்கு ஒருமுறை நிறுத்தி, கழுத்தை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டுவார். "வந்திருக்கு பாருங்க, ஒரு நூல் வந்திருக்கு!" கார்க் இருந்த இடத்திலேயே இருக்கும். நாங்களும் வரிசையாகக் குனிந்து பார்த்து, "ஆமாண்ணே" என்போம். வேறென்ன சொல்வது? குழந்தைகள்தான் உண்மை பேசும். "அங்கிள், அது நகரவே இல்ல." அந்தக் குழந்தைக்கு அப்புறம் ஐஸ்கிரீம் கிடைக்கத் தாமதமாகும்.

மூச்சு வாங்கும் இடைவேளையில் கார்க் புராணம். உலகத்துக் கார்க்கில் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறதாம். மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிப்பார்களாம். மரம் வைத்து ஏறக்குறைய 25 வருஷம் கழித்துத்தான் முதல் உரிப்பு, அதன்பின் 9 வருஷத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு உரிப்பும் பாட்டிலுக்குத் தேறாது. எல்லாம் நிஜம்தான், நானும் சரிபார்த்துவிட்டேன். ஆக, 40 வருஷத்துக்கு மேல் ஒரு மரம் பொறுமையாக வளர்த்துக் கொடுத்த கார்க்கை, இவர் அடுத்த கால் மணி நேரத்தில் ரவையாக்கப் போகிறார்.

ஷூவுக்கு மசியாவிட்டால் கார் சாவி. சாவி வளைந்தால், டூல்ஸ் டப்பாவிலிருந்து மர ஸ்க்ரூவும் கட்டிங் பிளேயரும். எல்லாம் தோற்றபின் கடைசி அஸ்திரமாக மோர் கடையும் மத்து. அதன் காம்பை வைத்து ஓங்கி ஒரு அழுத்து. கார்க் உள்ளே விழும், ஒயின் மேலே பீச்சும். "தொறந்தாச்சா இல்லையா?" என்பார், சட்டையெல்லாம் செந்நிறமாக.

சிரித்துத் தீர்க்கும் விஷயமில்லை இது. வீடு காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். "எப்படியும் பிடிக்கத்தானே போறான், அடிச்சா என்ன?" என்று கேட்கிறார். அட்வான்ஸ் யாருடையது? பாட்டில் உடைந்தால் ராத்திரி பத்து மணிக்குத் தையல் போட யார் வண்டி ஓட்டிக்கொண்டு போவது? அவர் வீட்டு விருந்தில் ஒருநாளும் இந்த வித்தை நடந்ததில்லை. அங்கே ஓபனர் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு பத்திரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒன்று. திறந்த பிறகு டீ வடிகட்டியில் பொறுமையாக வடித்து, ஒரு துணுக்குகூட இல்லாமல், பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் முதலில் ஊற்றிக் கொடுப்பவர் அவர்தான். கடைசி டம்ளர் வரைக்கும் ஊற்றுவார். தனக்கு மட்டும் ஊற்றிக்கொள்ள மாட்டார். "ஒயின் நமக்கு ஒத்துக்காது, நெஞ்செரிச்சல்." அவருடைய சரக்கு ரம். அதற்குத் திருகு மூடி.

அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு யோசனை வந்தது. ஒயினிலும் இப்போது திருகு மூடி தாராளமாகக் கிடைக்கிறது. நியூசிலாந்தில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான், நாசிக் பாட்டில்களிலும் நிறைய வந்துவிட்டன. இனி விருந்துக்கு வருகிறவர்கள் கார்க் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்று குரூப்பில் பேசி முடிவு செய்தோம். போன சனிக்கிழமை திருகு மூடி பாட்டில் ஒன்றை மேஜையில் வைத்தோம். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடியது. பிறகு மெதுவாக மலர்ந்தது.

"இதைக் கையால திருகாம, முழங்கையில உருட்டியே தொறக்கலாம், தெரியுமா?" என்றபடி சட்டைக் கையை மடித்துவிட்டார்.