டோர்ச் காக்கா

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஒழுங்கைக்கு ஒரு டோர்ச் காக்கா இருப்பார். தொழில் கடையோ, வயலோ, கச்சேரியோ. ஆனால் யார் வீட்டு டீவி இருண்டாலும் முதலில் ஆள் போவது அவரிடம்தான்.

அன்று மேட்ச் நாள். சத்தம் கேட்கிறது, திரை கறுப்பு. மூத்தம்மா கேபிள்காரனை ஏசத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளை ரிமோட் பெட்டரியைக் கழற்றிப் பல்லால் கடித்துப் பார்த்ததோடு சரி. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம், டீவியும் மாமியார் வாங்கியது. அதை ஆணி கழற்றித் திறக்கும் துணிச்சல் எந்த மாப்பிள்ளைக்கு வரும்?

காக்கா வந்ததும் வீட்டு லைட்டுகளை நிறுத்தச் சொல்வார். டோர்ச்சைத் திரைக்குக் கிட்டச் சரித்துப் பிடிப்பார். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு பந்துவீச்சாளர் மங்கலாக ஓடிவருவார்.

"படம் இரிக்கி தங்கச்சி. வெளிச்சந்தான் இல்ல."

இதுவரை சொன்னது அச்சொட்டான உண்மை. எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. கடையில் எல்இடி டீவி என்று வாங்குவதும் பெரும்பாலும் அதே எல்சிடிதான். பின்னால் இருக்கும் விளக்குதான் எல்இடி. முன்பு அந்த இடத்தில் மெல்லிய டியூப் இருந்தது. எல்இடிகளைப் பட்டிபட்டியாகத் தொடரில் கோர்த்திருப்பார்கள். கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குத் தொங்கும் சீரியல் பல்ப் மாதிரி, ஒன்று அறுந்தால் வரிசையே அணையும். போட்டதும் ஒரு கணம் மின்னிவிட்டு இருண்டால் பெரும்பாலும் இதுதான்.

காரணம் பெரும்பாலும் சூடு; வெளிச்சத்தை நூற்றுக்கு நூறு வைத்துப் பார்ப்பது. காக்கா அதை ஏற்கமாட்டார். அவருக்கு 2022 மார்ச் 31இன் பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டுத்தான் குற்றவாளி. டீவி போன வருசம் வாங்கியதென்றால் கடல் உப்புக்காற்று.

அவருடைய தகுதிப் பத்திரம் அன்டனா காலத்தது. 1996 மார்ச் 17, லாகூர் இறுதிப்போட்டியில் அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது கூரையில் அன்டனாவைப் பிடித்துக்கொண்டு நின்றது தானே என்பார். அதே கூரையில் நின்றதாகச் சொல்லும் இன்னும் நாலு பேர் ஊரில் உண்டு.

"ஸ்க்ரூ டிரைவர் எடுங்க. அஞ்சு நிமிச வேல."

ஆபத்து இங்கேதான். பஸாரில் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் கண்ணாடியை இரண்டு பேராகத் தூக்குவார்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடா ஒன்று கிழிந்தால் திரையில் நெட்டுக்குக் கோடு விழும். பிறகு பெனல் மாற்ற வேண்டும், அந்தக் காசுக்குப் புது டீவியே வாங்கலாம். ஒரு எல்இடி போனாலும் எல்லாப் பட்டியையும் மாற்றுவார்கள், மிச்சமும் அதே சூட்டில் வெந்தவைதானே.

காக்கா ஒன்றை மட்டும் மாற்றினார். கண்ணாடி தப்பியது, மூத்தம்மாவின் துஆவாக இருக்கலாம். ஆனால் எல்இடிகளின் மேல் ஒட்டியிருக்கும் குட்டி லென்ஸ்களில் சில கழன்றுபோக, படத்தில் அங்கங்கே வெள்ளை வட்டங்கள்.

"இதென்ன காக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"நைட் மேட்ச்தானே தம்பி. கிரவுண்ட் லைட்டு."