பூக்கூட்டுத் தளவியல்: கல்முனைக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை, வளவின் மூலையில் பச்சை நெற் கட்டி அந்தூரியமும் ஓர்கிட்டும் வளர்க்கும் ராத்தாமாரின் பூக்கூடுகளை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. மேல்நாட்டார் வெயிலைப் பிடித்துவைக்கக் கண்ணாடி வீடு கட்டினார்கள். நாம் வெயிலை விரட்ட நெற் கட்டினோம். கூரையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலெல்லாம் தரையில்தான்.

இத்துறையில் செல்வாக்கு மிக்கது சீமெந்துவாதம். அதன் பேராசிரியர் ஊர் மேசன்.

“தண்ணி ஓட வாட்டம் வெச்சீங்களா காக்கா?”

“அது தன்ட பாட்டில போகும் தங்கச்சி.”

இக்கருதுகோளைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். ஊற்றிய நீர் நாலாபக்கமும் பரவி, கொஞ்சம் தயங்கி, கடைசியில் கதவடியில் வந்து குந்திவிடும். அங்கே முதலில் பாசி பிடிக்கும், பிறகு மாமி வழுக்குவா. தேங்கிய அந்நீரில் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் செல்லும். நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007இல் தனிச் சட்டமே வந்துவிட்டதால், இவ்வாய்வின் புறத்தேர்வாளர் பீ.எச்.ஐ. என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

எதிரணி மணல்வாதம், அதை முன்மொழிபவர் உம்மா. “இந்த மணல் எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும், இதுக்கு மேல என்னத்துக்கு மகள் சீமெந்து?” பங்குனியில் இதை மறுக்க ஆளில்லை. மாரியில்தான் இக்கொள்கை தடுமாறும். கார்த்திகை, மார்கழியில் கடலோரக் கிணறுகளில் நீர் மேலேறி வரும். மணல் ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருக்கும். அப்போது மூலையில் ஊறுகுழி வெட்டினால் கிடைப்பது இன்னொரு கிணறு.

ஆகவே தளம் சுற்றியுள்ள நிலத்தைவிட அரையடியாவது உயர வேண்டும். உயர்த்தக் கிறவல் கொட்டுவது நம்மூர் வழக்கம். வீதிக்கு அது சரி, பூக்கூட்டுக்கு ஆகாது. இறுகினால் அது நீரை உள்ளே விடாது. நாலு அங்குலம் சல்லி போட்டு இடித்து, அதன்மேல் ஒன்றரை அங்குலம் ஆற்று மணல் பரப்பி, இன்டர்லொக் கல்லைப் பதிக்கலாம். இடைவெளிகளை மணலால் நிரப்ப வேண்டும். அங்கே சீமெந்து பூச மேசன் துடிப்பார். அந்நேரம் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து உட்காரவைப்பது நல்லது. வாட்டம் நாலு அடிக்கு ஓர் அங்குலம்.

எந்தப் பக்கம் வாட்டம் என்பதில் பொறியியல் நூல்களை நம்ப முடியாது. உம்மாவின் காணியைப் பெண்மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஊர் இது. அடுத்த வளவில் இருப்பது பெரும்பாலும் கூடப்பிறந்தவள். அவளுடைய குசினிப் பக்கம் நீர் ஓடினால், அடுத்த பெருநாளுக்கு வட்டிலப்பம் வராது. வாட்டத்தை ரோட்டுக் கானுக்கே வையுங்கள். நூல் பிடிக்கும்போது அவளையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.